நாடுகடத்தப்பட்ட மூதாதையரின் சொந்த ஊர் எது? ஆங்கிலேய ஆவணங்களில் தேடும் முறை

1788ஆம் ஆண்டு தொடங்கி 1868ஆம் ஆண்டு வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர்களின் வழிவந்தவர்களில் பலர், தங்கள் மூதாதையர் எந்தக் கப்பலில் வந்தார், எந்தப் பண்ணையில் வேலைக்கு ஒப்படைக்கப்பட்டார், எந்த ஆண்டில் விடுதலைச் சான்று பெற்றார் என்பதையெல்லாம் இன்று துல்லியமாகச் சொல்வார்கள். அந்த மனிதர் இங்கிலாந்தில் எந்த ஊரில் பிறந்தார், அவரைப் பெற்றவர்கள் யார் என்று கேட்டால்தான் தடுமாற்றம் வருகிறது. பல குடும்ப வரலாறுகள் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன; இன்னும் பல, தவறான ஊருக்குப் போய், தவறான பெற்றோரை ஒட்டவைத்துக்கொண்டு மேலே வளர்கின்றன.

காலனிக்கு வந்த கைதி அரசின் கண்காணிப்பில் இருந்தவர். அவருடைய உயரம், கண்ணின் நிறம், முகத்துத் தழும்பு, பெற்ற தண்டனைகள் எல்லாம் எழுதிவைக்கப்பட்டன. கைதாவதற்கு முன்போ அவர் ஒரு கூலித் தொழிலாளி. அவரைப் பற்றி அன்றைய இங்கிலாந்து எழுதிவைத்தது ஒரு ஞானஸ்நானப் பதிவும், திருமணமாகியிருந்தால் இன்னொரு பதிவும் மட்டுமே. இந்த இரண்டு வாழ்க்கைகளையும் இணைப்பது வழக்கு ஒன்றுதான். அந்த வழக்கின் காகிதங்களை எழுதியவர்களுக்கோ குற்றவாளியின் பிறந்த ஊர் தேவைப்படவே இல்லை. தேடுபவர் ஒவ்வொரு ஆவணத்தையும் கையில் எடுக்கும்போது, இதை யார் எழுதினார், எதற்காக எழுதினார், பிறந்த ஊரைச் சரியாக எழுத அவருக்கு ஏதாவது காரணம் இருந்ததா என்று கேட்டாக வேண்டும். வழி தவறும் தேடல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவை என்பதே என் கருத்து.

நாடுகடத்தல் ஆஸ்திரேலியாவோடு தொடங்கியது அல்ல. 1718ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைதிகள் அமெரிக்கக் காலனிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1775இல் அங்கே போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. தேம்ஸ் ஆற்றிலும் துறைமுகங்களிலும் நங்கூரமிட்ட பழைய கப்பல்களைச் சிறைகளாக்கி, கைதிகளை அவற்றில் அடைத்துவைத்தார்கள். அந்தச் சிறைக் கப்பல்களும் நிரம்பி வழிந்த பின்னர், 1787 மே 13 அன்று 11 கப்பல்கள் போர்ட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்டன. முதல் கப்பல் அணி என்று வரலாற்றில் பெயர் பெற்ற அது 1788 ஜனவரியில் சிட்னியை அடைந்தது. கடைசிக் கைதிக் கப்பலான ஹூகுமோன்ட் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கரை சேர்ந்தது. இந்த 80 ஆண்டுகளுக்குள் பதிவு எழுதும் முறையே பலமுறை மாறியதால், மூதாதையர் வந்து சேர்ந்த ஆண்டைப் பொறுத்தே அவரைப் பற்றி எவ்வளவு தெரியவரும் என்பது பெரிதும் முடிவாகிறது.

தேடலின் முதற்படி எளிதானது. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறை அமைச்சகத்தின் நாடுகடத்தல் பதிவேடுகள் 1787 முதல் கப்பல்வாரியாக இருக்கின்றன. கைதியின் பெயர், தீர்ப்பளித்த நீதிமன்றம், தீர்ப்பு நாள், தண்டனைக் காலம் ஆகிய நான்கும் அவற்றில் கிடைக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் 1805இல் தொடங்கும் குற்றப் பதிவேடுகள் இதை உறுதிப்படுத்த உதவும். ஆனால் இந்த இரண்டிலும் பிறந்த ஊர் இருக்காது. மனிதர்களை எண்ணிக் கப்பலில் ஏற்றிய அதிகாரிக்குத் தண்டனை எப்போது முடியும் என்பது தெரிந்தால் போதும்.

அடுத்த படியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தெட்ஃபோர்டில் தண்டிக்கப்பட்டவர் என்று பதிவேடு சொன்னதும், தெட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கடுங்குற்றங்களை விசாரித்த அசைஸ் நீதிமன்றம் ஊரூராகச் சென்ற நீதிமன்றம். லண்டனிலிருந்து கிளம்பும் நீதிபதிகள் ஆறு சுற்றுகளாகப் பிரிந்து, பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை மாவட்டத் தலைநகரங்களுக்குப் போய் வழக்குகளைக் கேட்டார்கள். நார்ஃபோக் மாவட்டத்தின் வசந்தகால அமர்வு அந்நாளில் தெட்ஃபோர்டில் நடந்தது. ஆகவே, மாவட்டத்தின் எந்த மூலையில் குற்றம் நடந்திருந்தாலும், அந்தப் பருவத்தில் விசாரணைக்கு வந்த கைதியின் பெயருக்குப் பக்கத்தில் தெட்ஃபோர்ட் என்றே எழுதப்பட்டிருக்கும்.

முதல் கப்பல் அணியில் வந்த ஹென்றி கேபிள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீடுபுகுந்து திருடிய குற்றத்துக்காக 1783இல் தெட்ஃபோர்ட் அமர்வில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. திருட்டு நடந்த ஆல்பர்க் கிராமம் நார்ஃபோக்கின் தென்கோடியில் இருக்கிறது. அவர் பிறந்த லாக்ஸ்ஃபீல்டோ வேவ்னி ஆற்றுக்குத் தெற்கே, சஃபோக் என்ற வேறொரு மாவட்டத்தில் உள்ள ஊர். தெட்ஃபோர்டையும் ஆல்பர்க்கையும் மட்டும் தேடுபவருக்கு அவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைக்காது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் காப்பகமும் மாறிவிடும். நார்ஃபோக்கின் ஆவணங்கள் நார்விச்சிலும், சஃபோக்கின் ஆவணங்கள் அந்த மாவட்டத்துக் காப்பகத்திலும் இருக்கின்றன. குற்றம் நடந்த இடத்தை மையமாக வைத்து, மாவட்ட எல்லையைப் பொருட்படுத்தாமல் சுற்றுவட்டாரத்தில் ஒருநாள் நடைதூரத்துக்குள் இருந்த எல்லா ஊர்களையும் பார்ப்பதுதான் பொருத்தமான முறை. வேலை தேடி நடந்த உழைப்பாளிக்கு மாவட்ட எல்லை ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

குற்றப்பத்திரிகையைப் பார்த்தால் ஊர் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஏமாற்றிவிடும். கியூ காப்பகத்தில் இருக்கும் அசைஸ் குற்றப்பத்திரிகைகள், குற்றம் சாட்டப்பட்டவரை 'இன்ன பங்கைச் சேர்ந்தவராக அண்மைக்காலம் வரை இருந்த கூலியாள்' என்றே குறிக்கின்றன. பங்கு என்பது ஒரு தேவாலயத்தையும் அதைச் சுற்றிய ஊரையும் கொண்ட நிர்வாக வட்டம். அங்கே எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் குற்றம் நடந்த பங்கின் பெயரே. தொழிலும் அப்படித்தான், செருப்புத் தைப்பவரும் தச்சரும்கூடக் கூலியாள் என்று எழுதப்பட்டார்கள். பிழையுள்ள குற்றப்பத்திரிகை தள்ளுபடியாகிவிடலாம் என்ற அச்சத்தில் எழுத்தர்கள் கைக்கொண்ட சட்ட வழக்கம் அது. பார்வைக்கு முதல்தரச் சான்று போலத் தோன்றும் அந்த ஒரு வரியைக் குடும்ப வரலாற்றில் அப்படியே ஏற்றிவிட்டவர்கள் மிகப் பலர். போதாக்குறைக்கு, எல்லாச் சுற்றுகளின் ஆவணங்களும் ஒரே அளவில் எஞ்சவில்லை. மிட்லண்ட் சுற்றின் 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய பதிவுகளில் பெரும்பகுதி இன்று இல்லை.

லண்டன் வழக்குகளின் நிலை வேறு. ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை அச்சிடப்பட்டன. இன்று இணையத்தில் அவற்றைப் படிக்கலாம். சாட்சிகளின் சொற்கள், சில வேளைகளில் குற்றவாளியின் சொற்களே அவற்றில் கிடைக்கின்றன. ஆனால் அன்றைய லண்டன் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குவிந்தவர்களின் நகரம். அங்கே தண்டிக்கப்பட்டதால் ஒருவர் லண்டன்காரர் ஆகிவிடுவதில்லை. வேலைக்கு அமர்த்திய எஜமானர், குணநலச் சான்று சொல்ல வந்த உறவினர், முன்பு பணியாற்றிய இடம் என்று சாட்சியத்தின் ஓரங்களில் வரும் பெயர்களைத்தான் அங்கே கவனிக்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு எழுதப்பட்ட காகிதங்களில் கருணை மனுக்களை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1819 முதல் 1854 வரையிலான மனுக்கள் இரண்டு பெருந்தொகுதிகளாக இருக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு நீதிபதிகளின் அறிக்கைகள் உள்ளன. மனு போட்டவர்கள் கைதியைச் சிறுவயது முதல் அறிந்தவர்கள்: தகப்பன், தாய், மனைவி, சொந்த ஊர் போதகர், முன்னாள் எஜமானர். மனுவின் அடியில் ஊர்க்காரர்கள் வரிசையாகக் கையெழுத்திட்டிருப்பார்கள். 'இவனை இருபது ஆண்டுகளாக அறிவோம், இவன் பெற்றோர் எங்கள் பங்கில் நேர்மையாக வாழ்பவர்கள்' என்ற வகையிலான வாக்கியம் ஒன்று கிடைத்தால் தேடல் ஒரே நாளில் முடிந்துவிடலாம். மனு நிராகரிக்கப்பட்டதும் அது அமைச்சகத்தின் கட்டுக்குள் போனது. கைதியின் குடும்பத்துக்கு எந்தப் பயனையும் தராத அந்தக் காகிதம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது.

பெயரும் ஒரு தடைதான். கேபிளின் பெயரே ஆவணத்துக்கு ஆவணம் மூன்று நான்கு விதமான எழுத்துக் கூட்டல்களில் வருகிறது. எழுதத் தெரியாதவர் சொன்னதை, அவருடைய வட்டாரப் பேச்சுக்குப் பழகாத எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். இதைவிடக் கடினமானது மேரி ரீபியின் கதை. ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் முகம் பதிந்திருக்கும் இந்தப் பெண் 1777இல் லங்காஷயரின் பரி நகரில் பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் மாலி ஹேடாக். ஸ்டாஃபோர்ட் நீதிமன்றத்தில் குதிரைத் திருட்டுக்காக ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றபோது, ஆண்பிள்ளை வேடத்தில் ஜேம்ஸ் பரோ என்ற பெயரோடு நின்றார். 1792 அக்டோபரில் ராயல் அட்மிரல் கப்பலில் சிட்னிக்கு வந்தார். பிறந்தது ஒரு மாவட்டம், தண்டிக்கப்பட்டது இன்னொரு மாவட்டம், பெயரும் பாலும்கூட வேறு. வழக்குப் பதிவை மட்டும் வைத்துத் தேடினால் பரி நகரத்துப் பதிவேடு எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

அதே மேரி ரீபி பின்னாளில் செல்வம் மிக்க வணிகராகி, 1820இல் மகள்களோடு லங்காஷயருக்குப் போய்விட்டு மறு ஆண்டு சிட்னிக்குத் திரும்பினார். 1828ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1821இல் சுதந்திரமாக வந்தவர் என்று தம்மைப் பதிந்துகொண்டார். சொன்னதில் பொய் இல்லை. முதல் வருகையை மட்டும் சொல்லாமல் விட்டார். கைதி என்ற களங்கம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அறிந்தவர் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பார், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. பின்வந்த தலைமுறைகளும் இதே காரணத்துக்காக மூதாதையரின் கதையை மறைத்தும் மாற்றியும் சொல்லிவந்ததால், குடும்பத்துக்குள் வழங்கும் செவிவழிச் செய்தியை ஆவணத்தோடு ஒப்பிடாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பிறந்த ஊரை நேரடியாகச் சொல்லும் காகிதங்கள் பெரும்பாலும் காலனியில் எழுதப்பட்டவை. நியூ சவுத் வேல்ஸில் தொடக்ககாலக் கப்பல் பட்டியல்கள் பெயரையும் வழக்கையும் மட்டுமே சொல்லின. 1820களின் நடுப்பகுதியிலிருந்து அவற்றில் வயது, சொந்த இடம், தொழில், உடல் அடையாளங்கள் ஆகியவை சேர்ந்தன. 1827 முதல் விடுதலைச் சான்றுகளிலும் நன்னடத்தை அனுமதிச் சீட்டுகளிலும் பிறந்த ஆண்டோடு சொந்த இடமும் வருகிறது. ஆகவே 1810இல் வந்தவரானாலும், 1827க்குப் பிறகு அவர் ஏதேனும் ஒரு சான்று வாங்கியிருந்தால் அதைத் தேடிப் பார்ப்பது வீண்போகாது. டாஸ்மேனியாவின் பதிவுகள் இன்னும் செறிவானவை. அங்கே 1853 வரை 70,000க்கும் மேற்பட்ட கைதிகள் இறக்கப்பட்டார்கள். அவர்களில் பலரிடம் தகப்பன் பெயர், தாய் பெயர், உடன்பிறந்தோர் பெயர்கள், அவர்கள் வசிக்கும் ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கைதி ஆவணங்கள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது முற்றிலும் தகும்.

உடல் அடையாளங்கள் என்ற பகுதியைப் பலர் வேடிக்கைத் தகவலாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். தப்பியோடியவரைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட பகுதி அது. அதனால் கவனமாக எழுதப்பட்டது. கைதிகளில் பலர் கையில் நங்கூரம், சிலுவை, இதயம் முதலியவற்றோடு பெயர்களின் முதலெழுத்துகளையும் பச்சை குத்தியிருந்தார்கள். ஒருவரின் இடக்கையில் ஐந்து இணை முதலெழுத்துகள் இருப்பதாகவும், அவற்றில் நான்கில் கடைசி எழுத்து அவருடைய குடும்பப்பெயரோடு ஒத்துப்போவதாகவும் வைத்துக்கொள்வோம். அவை உடன்பிறந்தவர்களுடையவையாக இருக்கக்கூடும். ஏதோ ஒரு பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே குடும்பப்பெயரில், அதே முதலெழுத்துகளோடு நான்கு பிள்ளைகள் ஒரே பெற்றோருக்குப் பிறந்திருந்தால், அந்தக் குடும்பத்தை முதலில் ஆராய வேண்டும்.

ஞானஸ்நானப் பதிவேடுகள் 1538ஆம் ஆண்டு ஆணையால் தொடங்கியவை. பல ஊர்களில் மிகப் பழைய ஏடுகள் தொலைந்துபோய்விட்டன. 1813க்கு முன்பு எழுதப்பட்ட பதிவில் பெரும்பாலும் பிள்ளையின் பெயரும் பெற்றோரின் முதற்பெயர்களும் மட்டுமே இருக்கும். 1813 ஜனவரி முதல், பக்கத்துக்கு எட்டுப் பதிவுகளாக அச்சிட்ட ஏடு கட்டாயமானது. அதில் தகப்பனின் தொழிலும் வசிக்கும் இடமும் சேர்ந்தன. அரசின் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. எனவே நாடுகடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தேவாலய ஏடுதான் ஒரே பிறப்புச் சான்று. அதுவும் ஞானஸ்நான நாளைச் சொல்லுமே தவிர, பிறந்த நாளைச் சொல்லும் என்ற உறுதி இல்லை. கைதி தம் வயதாகச் சொன்னதும் தோராயமே. இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாகத் தேடுவது நல்லது.

இணையத்தில் பெயரைத் தட்டியதும் வயதுக்கு ஏறக்குறையப் பொருந்தும் ஒரு பதிவு வந்து நிற்கும்போது தேடுபவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. பட்டியலில் வந்த ஒரே பதிவு என்பதால் அது உங்கள் மூதாதையருடையதாகிவிடாது. பக்கத்துப் பங்கின் ஏடு இன்னும் இணையத்தில் ஏறாமல் இருக்கலாம். பொருந்தக்கூடிய ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, அவர் வேறொருவர் என்று காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையிலேயே இறந்திருந்தால் அடக்கப் பதிவேட்டில் இருப்பார். உள்ளூரிலேயே திருமணம் செய்து வாழ்ந்திருந்தால் 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் வருவார். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15க்கு மேற்பட்ட வயதுகளை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள் என்பதையும், பிறந்த பங்கின் பெயர் 1851இல்தான் கேட்கப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒவ்வொருவராக நீக்கிய பின்னும் நீக்க முடியாமல் நிற்பவரே உங்கள் மூதாதையராக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த ஏடுகள் எல்லாவற்றையும்விட அதிகம் பேசும் ஆவணங்கள் ஏழைகளுக்கான உதவிச் சட்டத்திலிருந்து பிறந்தவை. 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வறியவருக்கு உதவ வேண்டிய கடமை அவருடைய உரிமைப் பங்குக்கு மட்டுமே உண்டு. அந்த உரிமை தகப்பன் வழியாகவோ, பிறந்த இடத்தாலோ, தொழிற்பயிற்சியாலோ, மணமாகாதவர் ஓராண்டு முழுவதும் ஒரே எஜமானரிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்ததாலோ, ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்கு இடம் எடுத்ததாலோ வரும். வேற்றூர்க்காரர் உதவி கேட்டால் அவரைச் சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்பலாம். அதற்குமுன் இரண்டு நீதிபதிகள் அவரைச் சத்தியம் செய்யவைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். எங்கே பிறந்ததாகப் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார், எந்த வயதில் முதன்முதலில் வேலைக்குப் போனார், செப்டம்பர் 29 மிக்கேல்மஸ் திருநாளில் எந்த விவசாயியிடம் என்ன கூலிக்கு ஓராண்டுக்குச் சேர்ந்தார், எங்கே யாரை மணந்தார் என்பதெல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். எழுத்தறியாத ஒரு தொழிலாளியின் வாழ்க்கை வரலாறு அந்நாளில் வேறெங்கும் இவ்வளவு முழுமையாக எழுதப்படவில்லை. காரணம் பணம். தவறான ஊரை எழுதினால் செலவு தம் தலையில் விழும் என்பதால் ஊர் அதிகாரிகள் ஒவ்வொரு விவரத்தையும் சரிபார்த்தார்கள்.

கைதி நாடுகடத்தப்பட்ட பிறகு இங்கிலாந்தில் விடப்பட்ட மனைவியை இந்த இடத்தில்தான் தேட வேண்டும். சம்பாதிப்பவர் போய்விட்டார், பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை, அவள் பங்கு அதிகாரியிடம் உதவி கேட்டுப் போகிறாள். சட்டப்படி மணமான பெண்ணுக்குக் கணவனின் உரிமைப் பங்கே அவளுடையதும் ஆகும். ஆகவே அதிகாரிகள் கேட்ட முதல் கேள்வி கணவனின் ஊரைப் பற்றியதாக இருந்தது. கணவன் இன்ன அசைஸில் தண்டிக்கப்பட்டார், இன்ன ஊரில் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார், அவருடைய தகப்பன் இன்ன பங்கில் உதவி பெறுபவர் என்று அவள் சொன்னது பதிவானது. அதன்பின், அவள் ஒருமுறைகூடப் பார்த்திராத கணவனின் பூர்வீக ஊருக்கு அவளையும் பிள்ளைகளையும் அனுப்பும் ஆணை பிறந்திருக்கலாம். நம் தேடலுக்குப் பெரும் பயன் தரும் அந்தத் தாள் ஒரு பெண்ணின் மிகக் கொடிய நாளில் எழுதப்பட்டது. கணவனோடு சேர இலவசப் பயணம் கேட்டு மனைவியர் அரசுக்கு அனுப்பிய விண்ணப்பங்களும் கியூவில் இருக்கின்றன. அவற்றிலும் ஊரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வரும்.

இந்தப் பங்கு ஆவணங்கள் மாவட்டக் காப்பகங்களில் 'பங்கின் பெட்டி' என்று வழங்கும் தொகுதிகளில் உள்ளன. பெரும்பாலானவை இணையத்தில் ஏறவில்லை. எல்லாப் பங்குகளுக்கும் எஞ்சவும் இல்லை. காப்பகத்துக்கு எழுதும்போது குடும்பப்பெயரை மட்டும் சொல்லாமல், குற்றம் நடந்த இடம், சுற்றியுள்ள பங்குகளின் பட்டியல், தண்டனை ஆண்டு ஆகியவற்றோடு தண்டனைக்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளையும் குறிப்பிட்டுக் கேட்டால் பயன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மரபணுச் சோதனை துணைநிற்கும், ஆனால் அளவோடுதான். 1790இல் வந்தவர் இன்றைய வழித்தோன்றலுக்கு ஏழெட்டுத் தலைமுறை முந்தியவர். அவ்வளவு தொலைவில் பொதுவான மரபணுப் பகுதி மிகக் குறைவாகவோ இல்லாமலோ போய்விடும். லாக்ஸ்ஃபீல்ட் போன்ற ஓர் ஊரில் இன்றும் வாழும் குடும்பத்தோடு பொருத்தம் வந்தாலும், ஆவணச் சங்கிலி ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அது சான்றாகும்.

எல்லாம் செய்த பின்னும் இரண்டு பேர் எஞ்சுவதுண்டு: ஒரே பெயர், ஒரே வயது, பத்து மைல் இடைவெளியில் இரண்டு ஊர்கள். அப்போது குடும்ப மரத்தில் இருவரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் உள்ள ஆதாரத்தையும் இன்னும் பார்க்காத ஏடுகளின் பெயர்களையும் பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும். பார்க்காமல் விட்ட அந்த ஏடு சில ஆண்டுகளில் எண்மப்படுத்தப்பட்டு வரும்போது, அடுத்து தேடுபவர் அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்க முடியும்.